எதில் தொங்குகிறது இந்தக் கவசம்?

ஜூன் 3, செவ்வாய்
காலைப் பிரார்த்தனை முடித்து, மகளுக்குத் தேநீர் கொண்டுபோனேன். அவள் கணினியில் ஒரு பெண். கையில் ஆள் உயர வாள். உடம்பில் மூன்றே மூன்று தகடு. மூன்றையும் ஒட்டுப் போட்டாலும் ஒரு சட்டிக்கு மூடியாகத் தேறாது. போர் விளையாட்டுக்கு வரைகிறாளாம்.
"இதுக்கா உன்னை ஓவியம் படிக்க வச்சேன்?" என்றேன்.
கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 4
இன்றும் அவள் கதவு சாத்தியபடிதான். வீட்டுக்காரர் மட்டும், "அந்தப் பொண்ணு வெயில் காலத்துல சண்டைக்குப் போறா போல, விடேன்" என்று எரிகிறதில் எண்ணெய் ஊற்றுகிறார்.

ஜூன் 6
தப்பு என்மேல். மகள் முதலில் வரைந்தது கழுத்திலிருந்து கால்வரை மூடிய கவசம். அவளுடைய மேலாளர்தான் நான்கு முறை சிவப்புக் கோடு போட்டுத் திருப்பியிருக்கிறார். "தோள் வேண்டாம்." "வயிறு தெரியட்டும்." "இன்னும் கொஞ்சம் லைட்டா." மாதக் கடைசியில் இவள் வேலையை நிரந்தரம் செய்வதும் அவர் கையில்தான்.
"அவர் சொன்னபடியே அனுப்பிடவாம்மா?" என்று கேட்டு அழுதாள். நான் எந்த வாயால் பதில் சொல்ல? திட்டின வாய்தானே இது.

ஜூன் 7
அதே விளையாட்டின் ஆண் வீரனைக் காட்டச் சொன்னேன். கணக்கு நோட்டில் நடுவில் கோடு கிழித்து, தகடு தகடாக எண்ணி எழுதினேன். அவனுக்கு நாற்பத்தொன்று. காது மடலுக்குக்கூடத் தனியாக ஒன்று. அவளுக்கு மூன்று.
இருவரும் சண்டை போடுவது ஒரே டிராகனோடு. அது ஊதுகிற நெருப்பு ஆண், பெண் பார்த்தா சுடும்?

ஜூன் 9
பழைய சட்டைகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே தையல் கற்றவள் நான். துணியில் கத்தரி வைக்குமுன் காகிதத்தில் வெட்டி உடம்பில் வைத்துப் பார்க்காமல் ஒன்றும் தைத்ததில்லை. அதனால் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை எடுத்து, மேலாளர் கேட்ட மூன்று துண்டையும் வெட்டி, மகளின் சட்டைமேல் வைத்தேன். விழுந்தது. மறுபடி வைத்தேன் — விழுந்தது. வார் இல்லை, கொக்கி இல்லை, ஒரு முடிச்சுகூட இல்லை. எதில்தான் தொங்குகிறது இது? ஆண்டவன் அருளிலா? அவன் பேரை இதற்கெல்லாம் இழுக்கலாமா என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.
மகளின் முழுக் கவசத்தையும் வெட்டி மாட்டினோம். கை தலைக்குமேல் போகவில்லை.
"கைக்குழி இறுக்கம்டி. திருத்து."
"சொந்தப் பொண்ணுன்னுகூட விட மாட்டியாம்மா?"
"வாள் வெட்டு விடுமா?"
உர்ரென்று உட்கார்ந்து திருத்தினாள்.

ஜூன் 12
வீடியோவில் கூட்டம். நான் கதவுக்குப் பின்னால். மகள் அந்த மூன்று அட்டையையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.
"வாளை ஓங்கிக் காட்டுங்க" என்றார் மேலாளர்.
"ஓங்கறேன் சார். அப்போ இதையெல்லாம் யார் பிடிப்பா?"
எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. பிறகு திருத்திய கவசத்தின் அட்டையை மாட்டிக்கொண்டு, துடைப்பத்தைத் தலைக்குமேல் ஓங்கினாள். ஒரு துண்டும் அசையவில்லை.
"பார்க்கலாம்" என்று எழுந்து போய்விட்டார். பார்க்கலாமாம்! இத்தனை நாளும் வேறென்ன செய்தீங்களாம்?

ஜூன் 20
பதில் இல்லை.

ஜூன் 26
இல்லை. கண்ணை மூடிப் பிரார்த்தித்தால் கடவுளுக்கு முன்னால் மேலாளர் வந்து நிற்கிறார். மகள் வேறு இடங்களுக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டாள். நான்தான் அவளைக் கெடுத்தேனோ?

ஜூலை 1
வேலை நிரந்தரம். விளையாட்டில் முழுக் கவசமே வரப்போகிறதாம். கூடவே மேலாளரிடமிருந்து ஒரு வரி: "இனிமே பெண் வீரர்கள் கவசமெல்லாம் நீங்களே பாத்துடுங்க."
மதியமே கோப்பு வந்துவிட்டது. பத்தொன்பது பேர். முதல் ஆளின் கவசத்துக்கு முதுகே கிடையாது. இரண்டாவது ஆள் பனிமலையில் காவல் நிற்கிறாளாம். உடம்பில் உருப்படியாக இருப்பது கையுறை ஒன்றுதான்.