உங்க அப்பா மட்டும் போன பஸ்

அன்பு மகள் மாரிசெல்விக்கு அம்மா எழுதிக்கிறது. இங்கன நானும் உங்க அப்பாவும் ரெண்டு ஆடும் நல்ல சுகம், நாலு பேருல யாரு அதிகமாத் திங்கிறதுன்னுதான் சண்டை. அங்கன நீ சுகந்தானா, ஓசூர் குளிருக்குப் போர்வை பத்துதா, நின்னுக்கிட்டே வேலை பாக்குறியே கால் வீங்குதான்னு எழுது. போன்ல பேசினா சரிம்மா சரிம்மான்னு வச்சுருவே, அதான் காராச்சேவு டப்பாவுக்குள்ள கடுதாசி வச்சிருக்கேன், இதைப் படிச்சு முடிச்சுட்டுத்தான் சேவுல கை வைக்கணும். மூணாங்கிளாஸ் எழுத்து, தப்பு இருந்தா நீ மட்டும் சிரிச்சுக்கோ, ரூம்ல இருக்கிற பிள்ளைகளுக்குக் காட்டாதே.

சித்திரையில வந்தப்ப, இனிமே பட்டாசு மருந்து வேலைக்குப் போகாதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனியே, நானும் பெரிய இவளாட்டம் அடிச்சுக் கொடுத்துட்டேன், ஆனா நம்ம ஊருக்குள்ள வந்தது அந்தப் பட்டாசுக் கம்பெனி வேன் ஒண்ணுதானே, அது இறக்கி விடுற இடத்துலதானே வேலை பாக்க முடியும். ஆடியில சிவகாசிக்கு டவுன் பஸ் விட்டாக, காலையில ஏழரைக்குப் போயி சாயங்காலம் ஆறு மணிக்குத் திரும்புது, பொம்பளைகளுக்குக் காசு கிடையாது, மறுநாளே டைரி பைண்டிங் கம்பெனியில போயி நின்னுட்டேன், அது உனக்குத் தெரியும். தெரியாததைச் சொல்றேன் கேளு. பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்வி பஸ் நிக்கிற இடத்துல வடைச்சட்டி போட்டுட்டா, பத்து வடை போனாப் பெருசுன்னு கேலி பண்ணினேன், இப்ப நான் போறதுக்குள்ள தட்டு காலியாயிருது. உங்க அப்பா வெண்டைக்காயை வெம்பக்கோட்டை வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிட்டு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வருவாகள்ல, இப்ப டிக்கெட் எடுத்து சிவகாசி மார்க்கெட்டுக்கே கொண்டு போறாக, மத்த ஆம்பளைக எல்லாம் பைக்குல போறதால பஸ்ல இவுக ஒருத்தர்தான் ஆம்பளை.

ஆவணிக் கடைசியில ஒரு ஆபீசர் கையில தாளோட பஸ்ல ஏறினாரு. இந்த வண்டியில தினம் ஒரே ஒரு ஆள்தான் போயிருக்கு, அடுத்த மாசத்தோட நிறுத்தப் போறோம்னாரு. அறுபது பொம்பளைகளுக்கு நடுவுல ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு நான் இதைக் கேக்குறேன், அந்த ஒரு ஆளு யாருன்னு பாத்தா உங்க அப்பா, சன்னல் சீட்டுல வெண்டைக்காயோட. என்ன நடந்துச்சுன்னா, கண்டக்டர் முத்துக்கருப்பன் ஆரம்பத்துல எங்களுக்கும் டிக்கெட் நீட்டினாரு, காசில்லாத டிக்கெட் எதுக்குய்யா, தாளை வீணாக்காதீகன்னு நாங்கதான் வாங்கல. பைண்டிங்ல ஒரு தாள் கிழிஞ்சா மேஸ்திரி பேசுற பேச்சு அப்படி, பழகிப்போச்சு. பாவம், அவரும் மூணு நாள் கெஞ்சிப் பாத்து விட்டுட்டாரு. நாங்க ஏறினதுக்கு அந்தத் தாள்தான் சாட்சின்னு யாரு கண்டா.

நீயே யோசிச்சுப் பாரு தாயி. பஸ் நின்னா வேன், வேன்னா மருந்து ரூம், உனக்கு என்ன பதில் சொல்லுவேன். நீ பதறுவேன்னு போன்ல மூச்சு விடல. மறுநாள்ல இருந்து ஒருத்தி பாக்கியில்லாம டிக்கெட் டிக்கெட்னு கையை நீட்டினோம். பாண்டிச்செல்வி கீழ நின்னுக்கிட்டே கேக்குறா, ஏறினாத்தான் தருவேன்னு அவரு சொல்ல, அடுப்பை அணைச்சுட்டு ஏறி அடுத்த ஸ்டாப்புல இறங்கி வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்தா. உங்க அப்பாவுக்குத்தான் மனசு கேக்கல, சர்க்காரு எனக்குன்னு தனி பஸ் விட்டிருந்துச்சு, கெடுத்துட்டீகளேன்னாக.

நேத்து முத்துக்கருப்பன் சொன்னாரு, பஸ்ஸை நிறுத்தப் போறதில்லையாம், மதியமும் ஒரு நடை விடுறாகளாம். பஸ்ஸுக்குள்ள குலவை போட்டோம், டிரைவர் பயந்து பிரேக் போட்டுட்டாரு. உன் சத்தியம் தப்பிச்சிருச்சு, அதுக்கு அத்தாட்சியா நேத்து வாங்கின டிக்கெட்டைச் சேவுக்கு அடியில மடிச்சு வச்சிருக்கேன், எண்ணெய் பட்டிருந்தாலும் தூரப் போட்டுறாதே.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, மாரியம்மா உன்னைக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிடுவா, நல்லா இரு. தீபாவளிக்கு வரும்போது சிவகாசியில ஆட்டோ பிடிக்காதே, ஆறு மணி பஸ்ல ஏறு, சன்னல் சீட்டுல இருந்து உங்க அப்பாவை எழுப்பிட்டு உக்காரு. டிக்கெட்டை மட்டும் கேட்டு வாங்கிரு, இல்லேன்னா நீ ஊருக்கு வந்ததாவே எழுத மாட்டாக.

உன் வரவைப் பாத்துக்கிட்டிருக்கிற அம்மா
வள்ளித்தாய்