அனைத்தையும் நிராகரி

மார்ச் 3, திங்கள்

இன்று காலை எட்டு இருபதுக்கு, என் ஐம்பத்தோராவது வயதில், 'அனைத்தையும் நிராகரி' என்ற பொத்தானை அழுத்தினேன். மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். சாட்சி யாரும் இல்லை.

இதுவரை எந்த இணையதளம் கேட்டாலும் 'ஏற்கிறேன்' என்றே அழுத்தி வந்திருக்கிறேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் தொழில். ஒப்பந்தப் படிவங்களின் அடியில் எறும்பு வரிசைபோல் ஓடும் பொடி எழுத்தை வாசித்துத்தான் சாப்பிடுகிறேன். வீட்டில் அதை ஒருநாளும் வாசித்ததில்லை.

சனிக்கிழமை, அச்சகத்துக் கணினியைப் பழுதுபார்க்க வந்தவர் விளக்கினார். "குக்கின்னா ஒரு துண்டுச் சீட்டு சார். கடைக்குப் போனா உங்க பையில ஒண்ணைப் போட்டு அனுப்புவான். அடுத்த தடவை அதைப் பாத்துட்டு 'வாங்க'ம்பான். அது பரவால்ல. அந்தக் கடை ஓரமா இன்னொருத்தன் நின்னு அவனும் ஒரு சீட்டைப் போடுறான் பாருங்க, அவன்தான் நீங்க எந்தக் கடைக்குப் போனாலும் பின்னாலயே வர்றவன்."

இனி வர மாட்டான்.

மார்ச் 6, வியாழன்

வருகிறான்.

வானிலை பார்க்கப் போனேன். மழைக்குப் பக்கத்தில் 'ஒருவருக்கான அறை, உடனே குடியேறலாம்.' அதற்குக் கீழே யாரோ வழக்கறிஞர்களின் விளம்பரம். அது ஒரு மாதமாகவே வருகிறது, வழக்கறிஞர்களுக்கு வேலை இல்லைபோலும். அறை புதிது.

கூடத்தில் இருப்பது ஒரே கணினி. உட்காருவது மூன்று பேர். நான் அறை தேடவில்லை. மனைவி தேடினால் முதலில் என்னிடம்தான் சொல்வாள், காரணத்தோடு. மிச்சம் அவள் தம்பி.

"பதினஞ்சு நாள்தான் அத்தான்" என்று வந்தவன். நான்கு வருடம் எட்டு மாதம் ஆகிறது. அவன் இருக்கும் முன்னறை, நான் வாசிப்பறை என்று நினைத்துக் கட்டியது. என் புத்தகங்கள் ஒன்பது பெட்டிகளில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஈரம் குடித்து உப்பிக்கொண்டிருக்கின்றன. கையில் இருக்கும் புத்தகத்தைக் குளியலறையில் வாசிக்கிறேன், யாராவது கதவைத் தட்டும்வரை.

போகப்போகிறானா?

மார்ச் 9, ஞாயிறு

இன்றைய விளம்பரங்கள்: ஒற்றை மெத்தை. ஒற்றை அடுப்பு.

பிறர் அந்தரங்கத்தை எட்டிப்பார்ப்பது இழிவு. வீடு விழிப்பதற்கு முன்பே எழுந்து பார்த்துவிடுகிறேன்.

மார்ச் 13, வியாழன்

மைத்துனன் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போனதும் முன்னறையை அளந்தேன். புத்தக அலமாரிக்கு. சுவரோரம் ஏழு அடி தாராளமாகக் கிடைக்கும்.

மார்ச் 17, திங்கள்

மனைவி கேட்டாள்: "தம்பி ஒரு மாதிரியா இருக்கான். சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைக்கிறான். நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

"நாலு வருஷத்துல நான் வாயைத் திறந்திருக்கேனா?"

"அதான் கேக்குறேன்."

சொன்னதில்லை. பிப்ரவரியில் ஒருமுறை, 'போகாத உறவினரை அனுப்புவது எப்படி' என்று கணினியில் தட்டினேன். இரண்டு பக்கம் வாசித்தேன். மூடிவிட்டேன். தட்டுவது சொல்வதாகாது.

மார்ச் 19, புதன்

கிணறு வெட்டப் பூதம்.

மனைவி ஸ்வெட்டர் பின்னும் முறை பார்க்க உட்கார்ந்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவில் அந்த வழக்கறிஞர்கள். 'வந்த விருந்தாளி கிளம்பவில்லையா? நாங்கள் பேசுகிறோம்.' ஒரு மாதமாகப் பார்த்த விளம்பரம். மெய்ப்புப் பார்ப்பவன், ஒருநாளாவது வாசித்திருக்கலாம்.

"இது ஏன் நம்ம வீட்டுக்கு வருது?"

"எல்லாருக்கும் வரும்."

"எல்லார் வீட்லயும் விருந்தாளியா?"

துணி எடுக்க மாடிக்குப் போனேன். துணி காயவில்லை. ஐயோ, இதென்ன வம்பு? நான்தான் அன்னிக்கே மூடிட்டேனே — நான் மூடினா அது மூடாதா? இன்னொரு தடவை அவ பாத்தா நான் என்ன சொல்லுவேன்?

மார்ச் 20, வியாழன்

பழுதுபார்ப்பவருக்கு ஃபோன் செய்தேன். "இனிமே வேண்டாம்னு சொன்னா பழைய சீட்டெல்லாம் போயிடுமா சார்? மொத்தமா அழிச்சிடுங்க" என்றார்.

'இதைத் திரும்பப் பெற முடியாது' என்றது கணினி. அழித்தேன். இப்போது எந்தத் தளத்துக்கும் எங்களைத் தெரியவில்லை. கடவுச்சொல் நினைவில்லாத மனைவி என்னைப் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை. விளம்பரத்தில் குடை வருகிறது.

எப்படியும் அவன் போகப்போகிறவன். பொறுத்தார் பூமி ஆள்வார்.

மார்ச் 23, ஞாயிறு

மைத்துனன் குளியலறைக் கதவைத் தட்டினான். வெளியே வந்தேன்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"ஒரு மாசமா கம்ப்யூட்டரத் திறந்தாலே அந்த வக்கீல் விளம்பரம். தேடினாத்தான் வரும்னு கடையில சொன்னாங்க. அக்கா தேட மாட்டா. அப்ப நீங்கதான்னு நெனச்சுட்டேன். மனசு விட்டுப்போச்சு. சத்தம் போடாம ஒரு ரூம் பாத்தேன். இன்னிக்கு சாவி வாங்கறதா இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"வியாழக்கிழமையிலேர்ந்து அது வரவே இல்ல அத்தான். வெறும் குடைதான். நீங்க தேடியிருந்தா நிக்குமா? உங்களைப் போய்த் தப்பா நெனச்சுட்டேனே. ரூம் வேண்டாம்னு சொல்லிட்டேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. பின்னால் மனைவி நின்றிருந்தாள். அவள் கண் கலங்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அதனால என்ன" என்றேன்.

"இனிமே தரையில படுக்க வேண்டாம்டா" என்றாள் தம்பியிடம். "அத்தான் கட்டில் வாங்கித் தருவாரு."

ஏப்ரல் 2, புதன்

கட்டில் வந்தது. மார்ச் 13 அன்று நான் எடுத்த அளவு சரியாக இருந்தது. முன்னறைக் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. தச்சர் கதவைத் திரும்ப மாட்டிக் கொடுத்தார்.