பனைமரப் பக்கம்

அம்மா,

விளக்கெண்ணெய் வாசனை என்றால் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். எனக்குப் பந்துக்கு எண்ணெய் தேய்க்கும் உன் நினைவு வருகிறது. இன்று காலை என் கொழுந்தன் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து ஒரு பந்தின் தோலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆவடியில் பட்டாளத்துக்காரர்கள் வந்து கொட்டகை போட்டதிலிருந்து இந்த மேனாம்பேட்டுப் பையன்களுக்குப் பந்து எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது. எங்கிருந்து என்று கேட்டால் மட்டும் ஒருவனும் நேராகப் பதில் சொல்வதில்லை. நான் விடுவேனா? தையலைத் தடவிப் பார்த்தேன், மோந்து பார்த்தேன். "இது யாரு வேலியத் தாண்டி வந்துச்சி?" என்று கேட்டேன். "அண்ணி, நீங்க போலீசு வேலைக்குப் போயிருக்கணும்" என்று சிரித்தான்.

பருத்திப்பட்டில் நம் வீட்டில் பிறந்தவளுக்குப் போலீசு வேலை எதற்கு? நம் வீட்டில் யார் யாரை நம்பினார்கள், சொல். பூந்தமல்லிப் பட்டாளத்துக்குப் பால் ஊற்றப்போன காலத்தில் சிப்பாய்கள் தன்னைக் கூப்பிட்டு, தட்டிக்கொடுத்து, ஒரு பழைய பந்தைப் பரிசாகத் தந்தார்கள் என்பார் நைனா. ஊருக்கே பந்தாட்டம் வந்தது அப்படித்தான் என்பார். நீ அடுப்படியிலிருந்து, "ஆமா, தட்டிக் குடுத்தாங்க. சாக்குக்குள்ள வச்சிக் கட்டிக் குடுத்தாங்க" என்பாய். அதற்குமேல் பேச்சு வளராது. அந்தப் பந்தின் பூர்வோத்தரத்தை இன்றுவரை நான் தெரிந்துகொள்ளவில்லை.

சித்திரை பிறந்து ஏரி வற்றினால் நமக்குத் திருவிழா. வெடித்துக் கிடக்கும் ஏரித்தரையில் மேடு தட்டி, சவுக்குக் கழிகளை நட்டு, மேலே கயிறு கட்டி கோல் ஆக்கிவிடுவார்கள். நைனா வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு நடுவில் நிற்பார். நீயும் நானும் என் தம்பியும் கரையில். பெண்கள் கரையில் உட்கார்ந்து பார்க்கலாம், வாய் திறந்து கத்தக்கூடாது என்பது அந்த ஊரின் எழுதாத சட்டம். நீ கத்தமாட்டாய். முணுமுணுப்பாய். அம்பத்தூரிலிருந்து விசில் ஊத வரும் வாத்தியார் இடைவேளையில் யார் பானையிலிருந்து மோர் வாங்கிக் குடிக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பாய். எதிராளிகளின் பானையில் குடித்துவிட்டால் போச்சு, அதன்பிறகு அவர் ஊதும் ஒவ்வொரு விசிலும் உனக்கு மோர் விசில்தான்.

ஒருமுறை நைனா நம்மையெல்லாம் ரயிலேற்றிப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். வெறுங்கால்காரர்களும் பூட்சுக்காரர்களும் ஆடிய ஆட்டம். கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பிரிக்கக்கூட உனக்கு நினைவில்லை. அவ்வளவு கூட்டத்தில் நான் பந்தைத் தேடிக்கொண்டிருந்தபோது நீ என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாய். "பந்தப் பாக்காத பாப்பா, ஆளோட இடுப்பப் பாரு. காலு பொய் சொல்லும், கண்ணு பொய் சொல்லும். இடுப்பு சொல்லாது" என்றாய். வரும் வழியில் ரயிலில் நைனா அதே ஆட்டத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நீ ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாய். அந்த நாளைப்போல இன்னொரு நாள் நமக்கு வாய்க்கவில்லை.

ஆனால் நம் ஊருக்குத் தீராத பகையாளி உன் ஊர். வேப்பம்பட்டு. அங்கே கோலில் நிற்பவர் உன் கூடப்பிறந்த ஒரே தம்பி, என் மாமா. வேப்பம்பட்டு ஆட்டம் நெருங்கினால் நம் வீட்டில் ஒரு மாதிரியான அமைதி வந்துவிடும். பேசிக்கொண்டிருக்கும் நைனா நீ சோற்றுச் சட்டியோடு வந்தால் பேச்சை நிறுத்திக்கொள்வார். யாருக்குக் கால் சுளுக்கு, யார் எந்தப் பக்கம் ஆடப்போகிறார்கள் என்பதெல்லாம் மாட்டுக்கொட்டகையில் வைத்துப் பேசப்படும். நீ வேண்டுமென்றே அங்கேயே போய்ச் சாணி அள்ளுவாய்.

இத்தனை சந்தேகம் இருந்தும் பெனால்டி பழகுவதற்கு மட்டும் நைனாவுக்கு நீதான் வேண்டும். கொல்லையில் வைக்கோற்போருக்கு முன்னால் நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நிற்பாய். அவர் உதைப்பார். வைக்கோல் பறக்கும். பத்துக்கு ஏழு பந்தை நீ தட்டிவிடுவாய். தம்பியும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். நைனாவின் உதையில் ஒரு சூது உண்டு. கண் வலப்பக்கம் பார்க்கும், பந்து இடப்பக்கம் போகும். ஏரியில் கரையோரக் கோல் நடும் இடத்தில் வலப்பக்கம் கோயில், இடப்பக்கம் ஒற்றைப் பனைமரம். கோயிலைப் பார்த்துப் பனைமரப் பக்கம் அடிப்பார். இது வீட்டோடு இருந்த ரகசியம். அவர் வெளி ஆட்டத்தில் பெனால்டி உதைத்ததே இல்லை அதுவரைக்கும்.

என் கல்யாணத்துக்கு முன் வருஷம், ஆட்டத்துக்கு முந்தின வாரம் உன் ஊரில் அம்மன் ஜாத்திரை. என்னையும் கூட்டிக்கொண்டு போனாய். திரும்பும் நாளன்று நீயும் மாமாவும் கிணற்றங்கரையில் தனியாக நின்று பேசினீர்கள். நான் துணி மடித்துக்கொண்டே பார்த்தேன். நீ கையை ஒரு பக்கமாக நீட்டிக் காட்டினாய். மாமா தலையாட்டினார். முருங்கைமரத்தைக் காட்டியிருக்கலாம், கிளை ஒடிந்துதான் கிடந்தது. ஆனால் நான் உன் மகள் ஆயிற்றே, முருங்கைமரத்தை நம்புவேனா?

ஆட்டம் முடிகிற நேரத்தில், இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் இருந்தபோது, நமக்கு ஒரு பெனால்டி வந்தது. நைனா பந்தை வைத்தார். கோயிலைப் பார்த்தார். ஓடிவந்து பனைமரப் பக்கம் உதைத்தார். மாமா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை, நேராகப் பனைமரப் பக்கமே பாய்ந்து பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தார். எழுந்து தூக்கிப் போட்டார். அந்தப் பந்தைக் கொண்டுபோய் வேப்பம்பட்டுக்காரர்கள் கோல் போட்டுவிட்டார்கள். கரையில் நான் உன் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. யாரோ உன்னை ஏமாற்றிவிட்டதுபோல் இருந்தது. அது எனக்கு அன்று விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நைனா கைகால்கூடக் கழுவவில்லை. "ஊட்டுக்குள்ளயே ஒற்றனை வச்சிக்கினு நான் மாட்டுக்கொட்டாயில குசுகுசுன்னு பேசிக்கினு இருந்திருக்கேன்" என்றார். "அவனுக்கு எப்படித் தெரிஞ்சிது? வைக்கப்போர் போயி சொல்லிச்சா?"

"நான் சொன்னா இன்னா, சொல்லாங்காட்டி இன்னா?" என்றாய் நீ. "நேரா ஒதைச்சிருந்தா இந்தப் பேச்சே இல்ல."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றோடு உன் தாய்வீட்டுக் கதவு அடைபட்டது. "வேப்பம்பட்டுப் பக்கம் காலெடுத்து வச்சே, அங்கேயே இருந்துக்க" என்று நைனா சொல்லிவிட்டார். மாமாவும் நம் வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது. எனக்கு உன்மேல் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கிணற்றங்கரையில் நீ நீட்டிய கையை நான் நைனாவிடம் சொல்லவில்லை, ஆனால் மனசுக்குள் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியே வைத்திருந்தேன். நீ கொடுத்த தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துத் தின்றேன்.

அந்த வருஷத்திலேயே எனக்கு மேனாம்பேட்டில் பேசி முடித்தார்கள். கல்யாணம் அடுத்த வருஷம் வைகாசியில். தாய்மாமன் மாலை போட்டுக் கைபிடித்து மணையில் உட்காரவைக்காமல் நம் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறியிருக்கிறது? மாப்பிள்ளை வீட்டார் கேட்க ஆரம்பித்தார்கள். "மாமன் இல்லாத பொண்ணுன்னு நெனச்சிக்கச் சொல்லு" என்றார் நைனா. உனக்கு ஒரே தம்பி, எனக்கு ஒரே மாமா. நீ அழவில்லை. சாயங்காலம் உன் ஊர் வழியாக அரக்கோணம் பக்கம் போகிற ரயில் கூவும்போது மட்டும் கையில் இருக்கும் வேலையை நிறுத்துவாய்.

சித்திரையில் மறுபடி வேப்பம்பட்டு ஆட்டம். நைனா அந்த வருஷம் உன்னை வைத்துப் பழகவில்லை. கொல்லைப் பக்கமே போகவில்லை. விதி என்று சொல்வதா, மோர் விசில் என்று சொல்வதா, அதே கரையோரக் கோலில் நமக்கு மறுபடி ஒரு பெனால்டி. மறுபடி நைனா, மறுபடி மாமா. ஒரு வருஷமாக முகத்தில் விழிக்காத இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள். கரையில் ஒரு ஈ பறந்தால் கேட்கும்.

அப்போதுதான் நீ எழுந்தாய். கரையிலிருந்து இறங்கினாய். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், உதறிவிட்டுப் போனாய். கோலுக்குப் பின்னால் போய் நின்று, அதுவரை அந்த ஏரியில் எந்தப் பெண்ணும் கத்தாத கத்தலாக, "பனமரத்துப் பக்கம்!" என்று கத்தினாய்.

ஆட்டக்காரர்கள் எல்லாரும் சிலையாகிவிட்டார்கள். நைனா ஓடிவந்தவர் பாதியில் நின்றார். திரும்பிப் போனார். மறுபடி ஓடிவந்தார். மாமா பனைமரத்தைப் பார்த்தார், கோயிலைப் பார்த்தார், கடைசியில் உன்னைத் திரும்பிப் பார்த்தார். நைனா உதைத்தார். பந்து எந்தப் பக்கமும் போகாமல் கயிற்றுக்கு மேலே எழும்பி, உன் தலைக்கும் மேலே பறந்து, எருமைகள் படுத்திருந்த குட்டையில் போய் விழுந்தது.

நைனா உன்னிடம் வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராகப் பேசினார். "யாருக்குடி சொன்னே? எனக்கா, ஒன் தம்பிக்கா?"

"பந்துக்கு" என்றாய்.

முதலில் சிரித்தது மாமா. பிறகு வாத்தியார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். ஏரியே சிரித்தது. நைனா அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எழுந்திரு மச்சான், குண்டி சுடும்" என்று மாமா கைகொடுத்தார். அன்று இரண்டு பேரும் நம் வீட்டில் ஒரே பாயில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வைகாசியில் மாமா என் கையைப் பிடித்து மணையில் உட்காரவைத்தார். நைனா வேண்டுமென்றே மேலே அடித்தாரோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம் உண்டு. சமாதானமாகப் போக அவருக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்திருக்கும்.

முதல் வருஷத்துக் கதையைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை. நீ சொல்லிக்கொடுத்தாய் என்பதை நாங்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டு, மன்னித்து, மறந்ததுபோல் இருந்தோம். அந்த மன்னிப்பை நீ எப்படி விழுங்கினாயோ தெரியவில்லை.

உன் கருமாதி அன்று ஏரியில் முழுகிவிட்டு வந்த மாமா ஈரத்துணியோடு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, மனசுல அடைச்சிக்கினு கீது, சொல்லிடறேன். அந்த மொதலு வருசம் ஒங்கம்மா கெணத்தாண்ட வந்து, 'ஒன் மச்சான் கோயில் பக்கந்தான் ஒதைப்பாரு'ன்னு சொன்னா. நான் கேக்கவே இல்ல, தானா வந்து சொன்னா. கேக்காம சொல்றாளேன்னு எனக்கு சந்தேகம். எங்கக்கா ஆச்சே, எனக்குத் தெரியாதா? புருசன் ஜெயிக்கணும்னு பொய் சொல்றான்னு புரிஞ்சிபோச்சி. அதான் பனமரத்துப் பக்கம் பாஞ்சேன்."

அம்மா, அன்றுதான் எனக்கு விளங்கியது. நைனாவுக்காக நீ கூடப்பிறந்தவனிடம் பொய் சொன்னாய். அவன் உன்னை நம்பாததால் நைனா தோற்றார். நைனா உன்னை நம்பாததால் நீ ஒரு வருஷம் தாய்வீடு இல்லாமல் இருந்தாய். உண்மையை நைனாவிடம் சொல்லியிருந்தால் அவர் குளிர்ந்துபோயிருப்பார், ஆனால் தம்பியை ஏமாற்றப் பார்த்தவள் என்று உன் ஊரில் பெயர் ஆகியிருக்கும். ஒரு வீட்டைக் காப்பாற்றினால் இன்னொரு வீடு போகும். அதனால் இரண்டு பேருடைய சந்தேகத்தையும் நீயே சுமந்துகொண்டாய். உன் பக்கத்தில் படுத்துக்கொண்டிருந்த நானும் உன்னை நம்பவில்லை.

நைனாவிடம் சொன்னேன். திரித்துக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "அப்போ அவ எனக்காவத்தான்..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. பிறகு, "ஒங்க மாமன் சொன்னானா? அவன் சொல்றத நம்பாத" என்றார். சொல்லிவிட்டு மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வருகிற வாரம் மேனாம்பேட்டுக்கும் பருத்திப்பட்டுக்கும் ஆட்டம். பருத்திப்பட்டுக் கோலில் இப்போது நிற்பது என் தம்பி. இங்கே பெனால்டி உதைப்பது என் கொழுந்தன். பின்கட்டில் அவன் பழகுவதைத் தினமும் பார்க்கிறேன். இடுப்பைத்தான் பார்க்கிறேன். நேற்றுத் தம்பி வந்திருந்தான். வயிறாரச் சாப்பிட்டான். கை கழுவ நான் தண்ணீர் ஊற்றும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "எக்கா, ஒன் கொழுந்தன் எந்தப் பக்கம் ஒதைப்பான்?" என்று கேட்டான்.

அவனை ஏற இறங்கப் பார்த்தேன். உள்ளே யாரும் கேட்கிறார்களா என்று பார்த்தேன். பிறகு அவன் காதோரம் குனிந்து ஒரு பக்கத்தைச் சொன்னேன்.

நான் சொன்னது நிஜமா பொய்யா என்று உனக்குக்கூடச் சொல்லமாட்டேன், அம்மா.