அந்த டிரைவரிடம் பேசியதைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நன்றாக இருக்கிறேன். உனக்கும் மருமகளுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லையே? போனில் கூப்பிட்டால் பாதியில் வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பெரிய மெஷின் பழுதாகிக் கிடக்கிறது. போர்வைகளையெல்லாம் கையால்தான் அலசுகிறோம். தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. மாடியில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள். தலைக்கு மேல் நடமாட்டம் கேட்காமல் வீடு ஒரு மாதிரியாக இருக்கிறது. உப்புப் போட்டேனா என்று வாய்விட்டு என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பெரியம்மா உன்னிடம் சொன்னது பாதிதான் உண்மை. தூக்கக் கலக்கத்தில் அப்பாவின் சைக்கிள்மேல் லாரியை ஏற்றிய அந்த டிரைவர், தண்டனை முடிந்து வந்து நம் சபைக்குத்தான் வருகிறார். கதவோரம் கடைசி வரிசையில் உட்காருவார். ஆராதனை முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் போய்விடுவார்.

பரமண்டல ஜெபத்தில், பிறரை மன்னிக்கிறோம், எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வருமே, அப்பா போனதிலிருந்து அந்த இடத்தில் நான் வாயைத் திறந்ததில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு ஞாயிறு தாமதமாகப் போனதால் கடைசி வரிசைக்கு முன்னால்தான் இடம் கிடைத்தது. அந்த வரி வந்ததும் நான் நிறுத்தினேன். எனக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த குரலும் நின்றது. சபை முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேர் மட்டும் சும்மா இருந்தோம். திரும்பிப் பார்த்தேன். அவர்தான்.

வாசலில் அவரே வந்து, "அக்கா, நான் வேணும்னா வேற சபைக்குப் போயிடறேன்" என்றார். தலை நிமிரவில்லை. "வேண்டாம், இங்கயே வாங்க" என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நடந்தது அவ்வளவுதான். வீட்டுக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தேன் என்பதெல்லாம் பெரியம்மா கண் காது மூக்கு வைத்த கதை.

அதற்குத்தான் நீ, "அப்பாவ அவ்வளவு சீக்கிரம் மறந்துட்டியாம்மா" என்று கேட்டாய். மறக்கவில்லை தம்பி. அன்றிலிருந்து அந்த வரியைச் சொல்கிறேன், அது நிஜம். ஆனால் போன செவ்வாய் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த லாரி டிரைவர், பக்கத்து ஆளோடு பேசி எதற்கோ சிரித்தார். என் வீட்டுச் சிரிப்பு மண்ணுக்குள் கிடக்க, இவருக்கு என்ன சிரிப்பு? அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி வெயிலில் நடந்தே வந்தேன். காலையில் மன்னித்தது சாயங்காலம் இல்லை. மறுநாள் எழுந்து முதலிலிருந்து கேட்கவேண்டியிருந்தது: அவரை மன்னிக்க மனசு கொடும், அவர் சிரித்ததைப் பொறுக்காத என்னையும் மன்னியும் என்று. அதற்கு அடுத்த நாளும் அதே. ஆண்டவருக்குச் சலிக்கவில்லை போலிருக்கிறது. எனக்குத்தான் வெட்கமாக இருக்கிறது.

சில நாள் உன்மேலும் கோபம் வருகிறது, பெற்றவளிடம் இத்தனை வீம்பா என்று. அதற்கும் சேர்த்து ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன்.

நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவில் உள்ளது. என்னை மட்டும் ஒரே ஒரு நாளைக்கு மன்னித்துப் பார். மறுநாள் கோபம் திரும்பி வந்தால் வரட்டும். அந்த ஒரு நாளில் கூப்பிடு. பேச்சு வராவிட்டாலும் பரவாயில்லை. நீ சும்மா இருப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக.

என்றைக்கும் உன்
அம்மா