பென்சிலில் எழுதிய ஆறாம் பாடம்

உன் கணவர் சனிக்கிழமை வந்து ஒரு பழுப்பு உறையைத் தந்தார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார். உள்ளே கூப்பிட்டேன். இன்னொரு நாள் என்று சொல்லி, வாசலிலேயே திரும்பிவிட்டார். உறையைப் பிரித்ததும் உன் சமையலறையின் மிளகாய்ச் சம்பல் வாசம் வந்தது. கிறிஸ்துவின் சீடராக வாழப் பழக்கும், நீல அட்டை போட்ட உன் சீஷத்துவப் பாடப் புத்தகம். நீ இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிறது. எனக்கு அழுகைதான் முதலில் வந்தது, பிறகுதான் புத்தகத்தைத் திறந்தேன்.

மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வாடகை வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் ஐந்து குடும்பங்கள் கூடிப் படித்தோமே, அந்தப் புத்தகம். பன்னிரண்டு பாடங்கள், ஒவ்வொரு கேள்விக்குக் கீழும் பதில் எழுத ஒரு கட்டம். யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதி வளர்ந்தவள் நான், கட்டத்தைக் காலியாக விட மனம் வராது. வியாழக்கிழமையே பேனாவால் அழகாக நிரப்பி வைத்துவிடுவேன். நீயோ வெறும் புத்தகத்தோடு வந்து உட்காருவாய்.

"நீ ஏன் ஒண்டும் எழுதேல்லை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"செஞ்சிட்டு எழுதுறேன்லா. எழுதிட்டா செஞ்ச மாதிரி ஆயிடும்" என்றாய், உன் ஊர் வழக்கப்படி "லா" போட்டு.

நோயாளிகளைப் பற்றிய பாடத்துக்கு நான் இரண்டு பத்தி எழுதினேன். கால் முறிந்து கிடந்த பக்கத்து வீட்டு சமோவாத் தீவுக்கார அம்மாவுக்கு நீ மூன்று வாரம் சூப் கொண்டுபோய்க் கொடுத்த பிறகு ஒரு வரி எழுதினாய். என்னைக் கேலி செய்யவும் உனக்கு நேரம் இருந்தது. நான் தொலைபேசியில் "ஆமா"வுக்குப் பதிலாக "ஓம், ஓம்" என்று சொல்வதைப் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவாய்.

அந்தக் குளிர்காலத்தில், த்ரீ கிங்ஸில் உன் வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் சொன்னாய். "அவருக்கு வேலை போயி ரெண்டு மாசமாச்சு. தினமும் டை கட்டிக்கிட்டுப் போயி லைப்ரரில உக்காந்திட்டு வர்றாரு. பிள்ளைங்களுக்குத் தெரியாது. யார்கிட்டயும் சொல்லாத." சொல்ல மாட்டேன் என்றேன். அந்த வார்த்தை மூன்று நாள்தான் தாங்கியது.

வெள்ளிக்கிழமை ஜெபக் குறிப்புகள் கேட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆண்டவரே, வேலை இல்லாமல் டை கட்டி லைப்ரரியில் போய் இருக்கிற எங்கட சகோதரனை நினைத்தருளும்" என்று உருக்கமாக ஜெபித்தேன். பேர் சொல்லவில்லை, அதுவே பெரிய விவேகம் என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். உன் கணவர் சொல்லவில்லை. அவர் கழுத்தில் டை இருந்தது. "டாட், இஸ் தட் யூ?" என்று உன் மகள் கேட்டாள்.

வாசலில் சப்பாத்து மாட்டும்போது நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "அது ஜெபமா, சேதியா?"

"உனக்காகத்தானே ஜெபிச்சனான்" என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

இரண்டு வெள்ளிக்கிழமைகள் நீ வரவில்லை. மூன்றாவது வெள்ளிக்கிழமை தனியாக வந்தாய். அன்று ஆறாம் பாடம், மன்னிப்பைப் பற்றியது. நான் என் பதில்களைத் தடங்கலில்லாமல் வாசித்தேன். நீ ஐஸ்கிரீம் டப்பாவில் கொண்டு வந்த சம்பலை என் கையில் தந்து, "பிடிக்குமே உனக்கு" என்றாய். அத்தோடு நீ மறந்துவிட்டாய் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். எனக்கு அது வசதியாகவும் இருந்தது. பிறகு உன் கணவருக்கு வேலை கிடைத்தது. ஆனால் அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. ஆறு வருடமாக, வேலைக் களைப்பு என்றுதான் நீ சொல்லிவந்தாய்.

இப்போது உன் ஆறாம் பாடம் என் முன்னால் இருக்கிறது. யாரை மன்னிக்க வேண்டும் என்ற கேள்விக்குக் கீழே பென்சிலில் என் பெயர். எழுதி, அழித்து, திரும்ப எழுதி, திரும்ப அழித்திருக்கிறாய். தாள் அந்த இடத்தில் தேய்ந்து மெலிந்திருக்கிறது. நான் சம்பல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாட்களில் நீ இதோடு மல்லுக்கட்டியிருக்கிறாய். மன்னித்தாயா என்ற அடுத்த கட்டத்தில் மட்டும் பேனா எழுத்து. உன் வழக்கப்படி "ஆமா" என்று எழுதாமல், எனக்காகவே "ஓம்" என்று எழுதியிருக்கிறாய்.

என் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். "நீ யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்?" என்ற கேள்விக்கு, நல்ல கையெழுத்தில், "ஒருவரிடமும் இல்லை" என்று எழுதி வைத்திருக்கிறேன். பேனா மை, அழியாது. அதைக் கோடு போட்டு வெட்டிவிட்டு, கீழே பென்சிலால் உன் பெயரை எழுதினேன். பக்கத்தில் உன் கணவர் பெயர், மகள் பெயர்.

உன்னிடம் கேட்கும் காலத்தைத் தவற விட்டேன், இந்த மடலில்தான் கேட்கிறேன். அவர்கள் இருவரும் இருக்கிறார்கள். நாளை த்ரீ கிங்ஸுக்குப் போகிறேன். என் புத்தகத்தில் "மன்னிப்புக் கேட்டாயா?" என்ற அடுத்த கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. போய் வந்துதான் நிரப்புவேன்.