ரெண்டு தடவை தேய்ச்ச காலர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். இந்த வரியை ரெண்டு தடவை படிச்சுட்டு மேலே போ. உன் முட்டிவலி எப்படி இருக்கு? அப்பா மாத்திரையை ஒழுங்கா போடுறாரா?

போன மாசம் எனக்கு வயித்துவலி. லாண்டரியில இஸ்திரி போடுறவளுக்கு ஒத்தடத்துக்கா பஞ்சம்? டவலைச் சூடா தேய்ச்சுத் தேய்ச்சு வயித்துல கட்டிக்கிட்டே மூணு நாள் வேலை பார்த்தேன். நாலாம் நாள் மேஜையடியிலேயே சுருண்டு விழுந்துட்டேன். குடல்வால் வெடிக்கிற நிலையில இருந்துச்சாம். அன்னைக்கே ஆபரேஷன்.

ஒத்தடம் கொடுத்ததுக்கு டாக்டர் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. மயக்கம் தெளியற வரைக்கும் ஒரு நர்சம்மா என் கையை விடலை. மறுநாளே, "எழுந்து நடக்கிறியா, நான் தூக்கிட்டு நடக்கவா?"ன்னு அதட்டினாங்க. அப்படியே நீ அதட்டுற மாதிரி.

அந்த ஆஸ்பத்திரிக் கோட்டெல்லாம் எங்க லாண்டரிக்குத்தான் வரும். யார் போடுறாங்கன்னு இத்தனை வருஷமா நினைச்சதே இல்லை. இப்போ ஒவ்வொரு காலரையும் ரெண்டு தடவை தேய்க்கிறேன். "ஒரு தடவை போதும், நேரமாகுது"ன்னார் சூப்பர்வைசர். "அவங்க என்னை ஒரு தடவை பார்த்துட்டுப் போயிருந்தா இந்த மேஜையில இன்னைக்கு ஆளே இருந்திருக்காது"ன்னேன். அடுத்த கோட்டை அவரே எடுத்து மேஜையில விரிச்சுக் கொடுத்தார்.

வேலையை விட்டுட்டு வான்னு எழுதாதே, வரமாட்டேன். தையல் போட்ட இடம் இன்னும் இழுக்குது. வயித்துல கட்டிக்க உன் பழைய பருத்திச் சேலை ஒண்ணு அனுப்பு.

அடுத்த மூட்டை வந்துடுச்சு, போறேன்.

உன் மகள்

மறந்துட்டேன். சேலையைத் துவைக்காம அனுப்பு.