கண்டக்டர் இல்லாத பஸ்

பிப்ரவரி 6

ரம்பம் இன்றும் அதையே சொன்னார். அறுவை மருத்துவருக்கு நான் வைத்த பெயர் அது. என் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு பேச்சே கிடையாது.

"புண்ணுல இருக்கிற கிருமி எந்த மருந்துக்கும் அடங்கல, ஐயா. உயிர் முக்கியமா, கால் முக்கியமா?"

இரண்டும்தான் என்றேன். ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் காலமெல்லாம் நின்ற கால். கேட்டவுடன் கிழித்துக் கொடுக்க இது என்ன டிக்கெட்டா?

பிப்ரவரி 9

மருமகளுக்கு அதே மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மருந்து ஏன் எடுபடவில்லை என்று கேட்டேன். கிருமியின் மேல்தோலில் நுண்ணிய பம்புகள் இருக்கின்றனவாம். உள்ளே வரும் மருந்தை, அது வேலையைக் காட்டுவதற்குள் வெளியே இறைத்துவிடுமாம்.

"அட, கண்டக்டர்! ஏறினவனை எல்லாம் இறக்கி விடுறான்."

"அதேதான் மாமா. உங்க கிருமி உங்களை மாதிரியே. எதைக் கொடுத்தாலும் வேணாம்னு வெளிய தள்ளுது."

என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

அந்தப் பம்பை அடைக்கும் புது மாத்திரை ஒன்றைப் பழைய மருந்தோடு சேர்த்துச் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். என்னையும் சேர்க்கச் சொல்லிவிட்டேன். அதன் பலன் தெரியும்வரை ரம்பம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 14

மஞ்சள் மாத்திரை, அடைப்பான். சிவப்புக் கேப்சூல், பழைய மருந்து. சிவப்பு உள்ளே போனால் குடலே வாய்க்கு வருகிறது.

பிப்ரவரி 17

நூலகத்தில் எடுத்த கிருமிப் புத்தகத்தை முடித்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன்தான். அகராதியும் பிடிவாதமும் இருந்தால் எது புரியாது?

கிருமி தன் கழிவையும் அந்தப் பம்பு வழியாகத்தான் தள்ளுகிறதாம். அப்படியானால் அடைப்பானே போதுமே, கழிவு தேங்கியே கிருமி செத்துவிடும்! கண்டக்டரைக் கட்டிப்போட்டால் விசில் யார் கொடுப்பது? விசில் இல்லாமல் எந்த பஸ்ஸும் நகராது. நகரும் என்று சொல்லித்தான் நிர்வாகம் கண்டக்டர்களான எங்களை வீட்டுக்கு அனுப்பியது. ஓடுகிறதாம். ஓடட்டும். அன்றிலிருந்து நான் ஏறியதில்லை.

சிவப்பை இன்றோடு விட்டேன். யாரிடமும் சொல்லப்போவதில்லை.

பிப்ரவரி 24

காய்ச்சல். புண்ணில் நாற்றம். மஞ்சளுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும் — அவ்வளவுதான்.

பிப்ரவரி 26

மாட்டிக்கொண்டேன். என் பழைய டிக்கெட் பையைத் தூசி தட்ட எடுத்த மனைவி உள்ளே சிவப்புக் கேப்சூல்களைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க இது, சில்லறை சேர்க்கிறீங்களா?" என்றாள். பிறகு அழுதாள். அதுதான் தாங்கவில்லை.

மருமகள் வந்து, கத்தாமல், போனில் ஒரு படம் காட்டினாள். என் புண்ணிலிருந்து எடுத்த கிருமி ஒரு தட்டு முழுக்கப் பாலாடை போலப் படர்ந்திருந்தது. மேலே மருந்தில் ஊறவைத்த மூன்று காகித வில்லைகள். சிவப்பு மருந்து மட்டும் வைத்த வில்லையை ஒட்டியே கிருமி. அடைப்பான் மட்டும் வைத்ததையும் ஒட்டியே கிருமி, கொழுகொழுவென்று. இரண்டும் சேர்ந்த வில்லையைச் சுற்றி மட்டும் வெட்டவெளி.

"அடைப்பான் கொல்லாது மாமா. மருந்தை வெளிய தள்ளவிடாம பிடிச்சு வைக்கும். கொல்றது சிவப்புதான். கண்டக்டர் இல்லாட்டியும் பஸ் ஓடும்."

கடைசி வார்த்தையை அவள் சொல்லியிருக்க வேண்டாம். எங்களை வீட்டுக்கு அனுப்பிய அன்று டிப்போ மேலாளர் சொன்ன அதே வார்த்தை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் போனைக் கட்டிலிலேயே வைத்துவிட்டுப் போனாள். மறுபடி எடுத்துப் பார்த்தேன். மேலாளருக்கு என்மேல் பகை இருந்தது, சரி. இந்தத் தட்டுக்கு என்ன பகை?

பிப்ரவரி 27

மருமகள் ரம்பத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குதிப்பார் என்று நினைத்தேன்.

"குமட்டுதுன்னா சொல்லியிருக்கலாமே, ஐயா. அதுக்கும் மாத்திரை இருக்கே." ஒரு வாரம் பார்ப்போம் என்றார். அதற்கு மேல் தள்ள முடியாதாம்.

மஞ்சள், சிவப்பு, இரண்டையும் போட்டுக்கொண்டேன். தப்பு என்று ஒப்புக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

மார்ச் 6

காய்ச்சல் விட்டது. ரம்பம் புண்ணைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், அறுக்கும் பேச்சை எடுக்கவே இல்லை. அவருக்கு வேறு பெயர் யோசிக்க வேண்டும்.

ஏப்ரல் 19

புண் மூடிவிட்டது. இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு காலிலும் செருப்பு. மருமகள் ஸ்கூட்டரை எடுக்கப் போனாள், வேண்டாம் என்றேன். நிறுத்தத்தில் பஸ் வந்தது. ஏறினேன். எல்லோரும் ஏறி முடிந்ததும், விரலை மடித்து நாக்குக்கடியில் வைத்து ஒரு விசில் கொடுத்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

பஸ் கிளம்பியது. நான் கொடுக்காவிட்டாலும் கிளம்பியிருக்கும்.